மூலையில் இருந்த பல்சக்கரம்

துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் போகும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயார் செய்வது வேலை. பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை ஜெலுத்தோங்கில் பஸ் ஏறிப் போய், என் மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தால், அது என் கணினியாக இல்லை.

பெட்டி அதேதான். திரைதான் வேறு. கீழே இருந்த பட்டையைக் காணோம். நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த கோப்புகளைக் காணோம். வெறும் நீலம், உச்சியில் மணி காட்டும் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் அமர்த்தியிருந்தவர் கெலுகோரிலிருந்து வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கே அவரை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். மனத்துக்குள் அப்படிச் சொல்வதில்லை.

“பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு இல்ல அக்கா. புதுசு இந்தப் பெட்டியில ஏறாது. அதான் சனிக்கிழமை லினக்ஸ் போட்டுட்டேன். மூணு நாள்ல பழகிடும் லா.”

“வெள்ளிக்கிழமையே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா எல்லாரும் வேணாம்னுதானே சொல்வீங்க” என்றார். சிரிப்பு வேறு.

மூன்றாம் நாள் அது நடந்தது. மாக் மண்டினில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பட்டியலைக் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரிகள். நடுவில் மின்னஞ்சல் பார்க்க வேண்டியிருந்தது. திரையில் பட்டியல் இருந்த ஜன்னலைக் கீழே இறக்கும் பொத்தானைத் தேடினேன். இந்தத் திரையில் அது கிடையாது. மூடும் பொத்தான் மட்டும்தான். கை பழக்கத்தில் அதை அமுக்கிவிட்டது. சேமிக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. பழைய கணினியில் ‘சேமி’ இடது ஓரத்தில் இருக்கும். நான் படிக்கவில்லை. யார் படிப்பார்கள்? இடது ஓரத்தை அமுக்கினேன். இங்கே இடது ஓரத்தில் இருந்தது ‘சேமிக்காதே’.

லாரி கிளம்பிவிட்டது என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது என் முன்னால் வெறுந்திரை இருந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடியும் தட்டினேன். அன்று மாலை அவர் மேனேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், என் காதுபட: வயதானவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு நாற்பத்தேழு.

என்னைவிடத் துன்பப்பட்டவர் பக்கத்து மேசை அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. எந்தச் சரக்குக்கு என்ன எண், எந்த நாட்டுக்கு என்ன பத்திரம் என்று மனப்பாடமாகச் சொல்வார். மேனேஜரே அவரைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவர் ஜன்னல் எங்கே போனது என்று தெரியாமல் கணினி எலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரையும் கூப்பிட மாட்டார். இரண்டு வாரத்தில் அவரைக் கணினியிலிருந்து எடுத்து, பத்திரங்களை மோட்டார் சைக்கிளில் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் போட்டார்கள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு வெறி வந்தது. கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு இல்லை, அடுத்து என்னை எடுத்துவிடக் கூடாது என்று. விண்டோஸ் படம் போட்ட விசையைத் தட்டினால் திறந்திருக்கும் எல்லா ஜன்னலும் சிறிதாகிப் பரவி நிற்கும்; முதல் தடவை எல்லாம் போய்விட்டது என்று பயந்தேன். பிறகு அதையே வழியாக்கிக்கொண்டேன். விசையைத் தட்டி, கோப்பின் பெயரில் இரண்டு எழுத்துப் போட்டால் வந்து நிற்கும். பட்டியலை ஒரு திரையிலும் மின்னஞ்சலை அடுத்த திரையிலும் வைத்துத் தாவினேன். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டேதான் பழகினேன்.

ஆறாவது வாரம், ஒரு காலை, விசைப்பலகையின் கம்பி கழன்றிருந்தது. என் பெயரைச் சொடுக்கிவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. மேசைக்கடியில் குனிந்து கம்பியைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு பல்சக்கரம். தினமும் கடவுச்சொல்லைப் படபடவென்று தட்டி உள்ளே போனவள், அதைக் கவனித்ததே இல்லை. சொடுக்கினேன். இரண்டு திரை மாதிரிகளின் பெயர்கள் வந்தன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன்.

கீழே பட்டை இருந்தது. இடது மூலையில் நிரல்களின் பட்டியல் இருந்தது. ஜன்னலை இறக்கும் பொத்தான் இருந்தது. கிட்டத்தட்ட பழைய கணினி. எல்லாம் முதல் நாளிலிருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவர் வரும்வரை காத்திருந்தேன். “இது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

திரையைப் பார்த்தார். “தெரியும் அக்கா. நான்தானே போட்டேன். ஏதாச்சும் கெட்டுப்போனா உதவும்னு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா எல்லாரும் அதுக்கே போயிடுவீங்க. புதுசு பழகவே மாட்டீங்க.”

“அண்ணன் நாலு வாரமா வெயில்ல சுத்துறாரு. அவர்கிட்ட போய் இதையே சொல்றீங்களா?”

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஆபீஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நேராக மேனேஜரிடம் போய், நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து பல்சக்கரத்தைக் காட்டினேன். பிறகு மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவருக்கும் காட்டினேன்.

மேனேஜர் திரும்பக் கூப்பிட, மறுநாள் அண்ணன் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். கை தானாக எலியை இடது மூலைக்குக் கொண்டுபோனது, பட்டியல் விரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “இவ்வளவுதானாம்மா?” என்று கேட்டார். மதியத்துக்குள் நான்கு பத்திரம் முடித்தார்.

நானும் அந்தப் பழைய மாதிரித் திரையில் இரண்டு நாள் வேலை செய்தேன். சரிப்படவில்லை. கை அந்த விசையையே தேடியது. கோப்பைக் கண்டுபிடிக்க எலியை இழுத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் நானே பல்சக்கரத்தைச் சொடுக்கிப் புதியதற்கே திரும்பிவிட்டேன். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர் என் மேசையருகே நின்றார். “பாத்தீங்களா அக்கா, நான் சொன்னது சரிதானே?”

“நான் இதுல இருக்கறது எனக்குப் பிடிச்சதால. நீங்க மறைச்சதால இல்ல.”

கீழே கடையில் தே தாரிக் டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். இன்றைக்கும் அவர் கேட்டால் அதையே சொல்கிறேன்.