யெட் என்றால் இன்னும்

ஒன்பதாம் வகுப்புக்கு நான் வருடாவருடம் நடத்திய ஆங்கில இலக்கணத்தில் ‘யெட்’தான் சுலபம். ராமேஸ்வரத்தில் அதை விளக்கப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. “கடலுக்குப் போன படகு நேரத்துக்குத் திரும்பலைன்னா வீட்ல என்ன சொல்வீங்க?” என்று கேட்டால் போதும். “இன்னும் வரல டீச்சர்” என்று வகுப்பே சொல்லும். வெறுமனே ‘வரல’ என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லாது. அதுதான் யெட், நடக்கவில்லை, ஆனால் நடக்கும் என்று காத்திருக்கிறோம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

வீட்டில்தான் அந்தச் சொல் என்னைப் படுத்தி எடுத்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்காக நானும் கணவரும் மாமியாரோடு ராமேஸ்வரத்துக்குக் குடிவந்தோம். எங்கள் வீடு சொந்தக்காரர்களுக்கு இலவசச் சத்திரமானது. அமாவாசை தவறாமல் யாராவது வந்து இறங்குவார்கள். தீர்த்தமாடிவிட்டு வந்து ஈரச் சேலைகளை என் கொடியில் போடுவார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்கள்: “ஏதும் விசேஷம் உண்டா?”

“இன்னும் இல்ல” என்று மாமியார் முந்திக்கொள்வார்.

அதற்குப் பிறகுதான் என் பாடு. ‘இன்னும்’ என்று சொல்லிவிட்டால் யோசனை சொல்ல இடம் இருக்கிறது என்று அர்த்தம். நாகர் வைத்துக் கும்பிட்டாயா, மதுரையில் ஒரு டாக்டரம்மா இருக்கிறாரே பார்த்தாயா, செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாயா. எல்லாம் செய்தாயிற்று. பிள்ளை வரம் கேட்டு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் இந்த ஊருக்கு ரயிலேறி வருகிறார்கள். நான் இங்கேயே கிடக்கிறேன். உள்ளூர்க்காரிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாமி விட்டுவிட்டது போலும். குழம்பு ஊற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டியே நான் அலுத்துப்போனேன்.

நாற்பதைத் தாண்டியதும் இனி அலைய வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். கணவர் கொஞ்ச நாளில் தேறிக்கொண்டார், நானும் தேறிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். மாமியாரிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவரும் வருகிறவர்களிடம் பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, நாளைக்கு யாராச்சும் கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. இன்னும்னு சேத்துச் சொல்ல வேணாம். டாக்டரே கைய விரிச்சிட்டாக. என்னால முடியல.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “நீ மனசு விட்டுறக் கூடாதுன்னுதான் தாயி அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு எப்பயோ தெரியும்” என்றார். அவர் மனசு விட்டுவிடக் கூடாதென்றுதான் நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. முறத்தை என் பக்கம் இழுத்து மீதி அரிசியை நான் புடைத்தேன்.

மறுநாள் கணவருக்குச் சித்தி முறையாகிற ஒருவர் தீர்த்தமாடிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். வழக்கம்போல் கேட்டார்.

“இல்ல. இனிமேலும் இல்ல” என்றார் மாமியார். “நீ ரசத்த ஊத்திக்க.”

நானே கேட்டு வாங்கிய பதில்தான். ஆனாலும் மனசின் ஏதோ ஒரு மூலையில் நானும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது அது காதில் விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அழுகையாக வந்தது. அதே நேரம் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போலவும் இருந்தது.

சித்தி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து போனவர், முதல் தடவையாக வேறு ஒன்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்துல நீ என்ன பாடம்மா எடுக்குற?”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் மாமியார்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.