மெக்கானிக் வரட்டும்

"தொடாதீங்க! யாரும் கை வைக்காதீங்க!" என்று முதலில் குரல் வரும், ஆள் பின்னால் வருவார். சோப்புக்கு உறை சுற்றும் அந்தப் பட்டறைக்கு மெக்கானிக் அவர் ஒருவர்தான். நின்றுபோன இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி உதட்டைப் பிதுக்குவார். அதுவரை அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களில் ஒருத்தி அவருடைய பெண்டாட்டி. கடைசியில் பார்த்தால் தளர்ந்துபோன ஒரே ஒரு நட்டு. தினமும் இதே கூத்து.

இதே முதலாளிக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு பட்டறை. இதே இயந்திரம், இதே சோப்பு. ஆனால் பெட்டி நிரம்புவது இரண்டு மடங்கு. ஒரு காலத்தில் நேர்மாறு. அந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது முதலாளி, "இந்த வாரமும் இப்படித்தான்னா மிஷினை எல்லாம் ஏத்தி அங்கயே அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அனுப்பினால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மெக்கானிக் ஆரம்பித்தார். "அந்த ஊர் தண்ணி அப்படி. ஜனங்க பம்பரமா சுத்துறாங்க. இங்க எல்லாம் சோம்பேறிக் கூட்டம், நின்னா நின்ன இடம்!"

பெண்டாட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணியாம் தண்ணி! அங்க மெக்கானிக் வேலைய விட்டு ஓடிட்டான், வேற ஆள் கிடைக்கல. வழியில்லாம பொம்பளைங்களே ஸ்பேனரைப் பிடிச்சாங்க. அங்க வேலை பாக்குற உங்க தங்கச்சிதான் போன்ல சொன்னா. அவ முடுக்குறா, நான் முடுக்கக் கூடாதா?"

"அவளா? சைக்கிள் செயின் மாட்டக்கூடத் தெரியாதே அவளுக்கு!"

"கத்துக்கிட்டா. பக்கத்துல நின்னு கத்துறதுக்கு அங்க நீங்க இல்லையே!"

"எல்லாரும் மெக்கானிக்னா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். குரல் இறங்கிவிட்டது. இதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒரு கவளத்தை அள்ளி வாயை அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இயந்திரம் நின்றது. மற்றவர்கள் வாசலைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அவருடைய பெட்டியிலிருந்து பழைய ஸ்பேனரை எடுத்தாள், நட்டை முடுக்கினாள், பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் கடகடவென்று ஓடியது. பெட்டிகள் வேகமாக நிரம்ப, முதலாளியே அறையைவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார்.

மெக்கானிக் உள்ளே வந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். நேராகப் போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். அவள் முடுக்கிய நட்டைக் கழற்றினார். அதே நட்டை அதே இடத்தில் அதே அளவு முடுக்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப ஓட்டுங்க" என்றார்.