பென்ஸுக்குக் காத்திருந்த மேளம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் பழைய கார்களைக் கழுவித் துடைத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு மொரிஸ் மைனர். பக்கத்திலேயே நீளமாக ஒரு பென்ஸ். மொரிஸின் ஜன்னலில் மூக்கை நுழைத்தேன். பாலிஷ் வாசனைதான் வந்தது, லீக்ஸ் வாடை இல்லை. "தொடாதீங்க அங்கிள்" என்றார் கோட் போட்ட ஒரு தம்பி. மூக்கு படவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

என் தாய்மாமன் ஒரு மொரிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டினார். வெலிமடையிலிருந்து பதுளைக்கு, வெங்காயத்தாள் போல வாடையடிக்கும் லீக்ஸ் மூட்டை, திரும்பும்போது ஆட்கள். ஆட்களும் மூட்டை மாதிரிதான் ஏற வேண்டும். என் கலியாணத்துக்கும் அதுதான் என்றிருந்தோம். பெண்ணின் அப்பா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. "லீக்ஸ் வாடையோட மாப்பிள்ளை எறங்குனா எம் மானம் என்னாவுறது?" என்று சொல்லி, பதுளை முதலாளி ஒருவரிடம் கெஞ்சி பென்ஸை இரவல் வாங்கினார்.

மாமா அதைச் சுற்றிப் பார்த்தார். "கட்டில் மாதிரி இருக்குடா மாப்புள. படுத்துக்கிட்டே போ."

கலியாணம் அந்தத் தோட்டத்துக் கோயிலில். அதற்குச் சற்றுக் கீழே ரோட்டில் ஒரு கொண்டை வளைவு. பென்ஸ் முன்னே போனால் மண்திட்டு, பின்னே வந்தால் தண்ணீர் ஓடும் கான். "கீறல் விழுந்தா மொதலாளி என்னையத் தொலச்சிருவாரு" என்று டிரைவர் இறங்கியே விட்டார். நான் பட்டு வேட்டியில் உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மொரிஸில் வந்த மாமா, டிரைவரைத் திட்டித் திரும்ப ஏற்றி, பென்ஸை அகலமான இடத்துக்கு இறக்க வைத்தார். என்னை மொரிஸில் திணித்தார். அது வளைவை ஒரே திருப்பில் கடந்தது.

கோயில் வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"பென்ஸ் எங்க?"

"வருதுங்க சம்பந்தி. அதுக்கு ரோடு பத்தல" என்றார் மாமா.

"அப்ப மேளத்த நிறுத்துங்க. அது வரட்டும்."

முகூர்த்தம் முடியப் போகிறது என்று ஐயர் கெஞ்சினார். மாமனார் அசையவில்லை. ஆளாளுக்கு எட்டி ரோட்டைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

மணவறையில் பெண் தலை நிமிர்ந்தாள். "அப்பா, எனக்குத் தாலி கட்டப் போறது யாரு? இவரா, காரா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாமனார் கையைத் தூக்கினார். மேளம் கொட்டியது.

பந்தி முடியும் நேரத்தில் ஆட்கள் சூழ்ந்து வழிகாட்ட பென்ஸ் வந்து சேர்ந்தது. மாமனார் எங்களை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வைத்தார். படத்தில் பென்ஸ் முழுதாக இருக்கிறது. நான் பாதி, அவளுக்கு ஒரு தோள் மட்டும்.

மாமனாரும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மொரிஸ் துண்டு துண்டாக விலைபோனது. அந்த வளைவையும் வெட்டி, கொங்கிரீட் போட்டு அகலமாக்கிவிட்டார்கள். பென்ஸ் இப்போது தாராளமாகத் திரும்பலாம். ஆனால் கலியாணங்கள் பதுளை மண்டபங்களுக்குப் போய்விட்டன. யார் எந்தக் காரில் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கோயில் வாசலில் ஒருவரும் நிற்பதில்லை.

ஒருவழியாக எழுதி முடித்தது, மாட்டுப் பொங்கலன்று.