திருவாதிரைக் காலையில் அந்தரத்தில் நின்ற தடி

அப்பா மராமத்து இலாகாவில் வரைபடம் வரைபவர். விறகு பிளக்க வரும் ஆளோடு பிணங்கிக்கொண்ட பிறகு, பழைய இரும்பைச் சேர்த்துக் கொல்லையில் தாமே ஒரு பிளக்கும் இயந்திரம் செய்தார். அது நன்றாகவே பிளந்தது. ஆனால் புளியந்தடியை அதன் மேடைக்குத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததும் மூவர்தான். இலக்கியப் பாடங்களுக்கு இடையே தடியின் ஒரு முனை என் பொறுப்பாயிற்று. அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்ட அன்று, அப்பா தடிதூக்கி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்.

முதலில் பலகைகளால் முழு அளவில் ஒரு மாதிரி. பிறகு அதைப் பார்த்து இரும்பில். அடியில், லாரிச் சக்கரம் மாற்ற உதவும் எண்ணெய் ஜாக்கி. பிடியை அடித்தால் உள்ளே எண்ணெய் அழுந்தித் தட்டு உயரும்; திருகைத் தளர்த்தினால் இறங்கும். பழைய சாமான் கடையில் வாங்கிய அந்த ஜாக்கி வறண்டு கிடந்தது. எண்ணெயை அப்பாவே ஊற்றினார். எந்த எண்ணெய் என்று நாங்கள் கேட்கவில்லை. நண்பகல் வெயிலில் தட்டு வழுக்கிக்கொண்டு உயர்ந்தது.

அம்மா நிபந்தனை விதித்தாள். திருவாதிரைக் களி, இயந்திரம் பிளந்த விறகில் வெந்தால் அது கொல்லையில் இருக்கலாம். இல்லையேல் இரும்புக் கடைக்குப் போகும், பழைய ஆள் திரும்ப வருவார். அப்பா முன்கூட்டி ஒரு சுள்ளியும் பிளந்து வைக்கவில்லை. அன்று காலையே பிளந்து காட்டுவதாக ஏற்பாடு. உழைப்பு மிச்சமாகட்டும் என்று, முதல்நாள் மாலையே ஒரு தடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றி நிறுத்தியிருந்தார்.

விடியற்காலைப் பனியில் பிடி அசையவில்லை. திருகைத் தளர்த்தினார், தடி இறங்கவும் இல்லை. இயந்திரத்தின் வாயை அடைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. குளித்த தலையோடு அம்மா வந்து விறகு கேட்டாள்.

கூட்டுக்குத் தாளிக்க எண்ணெய் எடுக்கப் போன எனக்கு அப்போதுதான் காரியம் விளங்கிற்று. தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து அப்பாவின் முன் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. வெள்ளையாக உறைந்திருந்தது.

"ரெண்டு நாளா எண்ணெய் குறையறதேன்னு பார்த்தேன்," என்றாள் அம்மா. "ஜாக்கிக்கா தேச்சு விட்டேள்?"

"வெந்நீர் விட்டா உருகிடும். அடுப்பைப் பத்தவை."

"எதை வெச்சு?"

அப்பா தடியைப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்த்திருந்த மர மாதிரியைப் பார்த்தாள்.

அப்பா தம் கையாலேயே அதைக் கழற்றினார். ஒவ்வொரு பலகையும் எந்தப் பாரத்தைத் தாங்குவதற்கானது என்று விளக்கிய பின்பே என்னிடம் கொடுத்தார். வெந்நீர் முதலிலா களி முதலிலா என்ற கேள்விக்கு, சுவாமிதான் முதலில் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

நைவேத்தியம் முடிந்தபோது கொல்லையில் வெயில் விழுந்திருந்தது. தளர்த்திய திருகை யாரும் மீண்டும் தொட்டிருக்கவில்லை. தடி, யாருடைய உதவியும் இல்லாமல், மிகுந்த கண்ணியத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா, இறங்கறது," என்று அப்பா உள்ளே வந்து அறிவித்தார்.

அம்மா இலையில் களியை வைத்தாள். "இருக்கட்டும். சித்திரை வைகாசிக்கு ஆகும். மார்கழிக்கு அந்த ஆளை விளிங்கோ."

அப்பா இன்னும் கொஞ்சம் களி கேட்டு வாங்கிக்கொண்டார்.