கிளெமென்ட் முறுக்கிய மூடிகள்

"என் கை இல்லாம இந்த வீட்டுல ஒரு மூடி தொறக்காது!"

மகள் லீனாவின் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் முன்னிலையில், மர்பி டவுன் பிளம்பர் கிளெமென்ட் வெளியிட்ட அறிவிப்பு இது. ஊறுகாய் பாட்டிலோடு மாப்பிள்ளையே மல்லுக்கட்டித் தோற்ற நேரம். கிளெமென்ட் வாங்கினார், ஒரே திருகு, திறந்தது. சம்பந்தியம்மாள் கை தட்டினார். அதை அப்படி இறுக்கி வைத்ததே கிளெமென்ட்தான் என்ற அற்ப விவரத்தை யாரும் கிளறவில்லை.

குழாய் முறுக்குகிற பழக்கம் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. காபித்தூளோ புளியோ, எதைத் தொட்டாலும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். விடுமுறை நாட்களில் மனைவி மௌரீன், "ஏங்க, இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்க" என்று வந்து நிற்பாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் அவருக்கு வாய்த்த பட்டாபிஷேகம் அதுதான். மற்ற நாட்களில் அவர் இல்லாமல் சமையல் எப்படி நடந்தது என்று யோசித்ததில்லை. பெரிய மனிதர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

போன குருத்தோலை ஞாயிறு, பூசையின் நடுவில், அவர் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம்.

இரண்டு மாதம் கழித்து பிசியோதெரபிஸ்ட் ஸ்ரீலக்ஷ்மி, பிடியும் முள்ளும் வைத்த, கை பலத்தை அளக்கும் ஒரு கருவியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஸ்வல்ப ஜோரா, இன்னும் கொஞ்சம் பலமா அமுக்குங்க, அங்கிள்."

அங்கிள் பல்லைக் கடித்தார். முள் ஐந்து கிலோவில் நின்றது. இடது கைக்கு முப்பது காட்டியது.

"மெஷின் ரிப்பேர்மா. உள்ள வாஷர் போயிருக்கும்" என்று தொழில்முறைக் கருத்தைத் தெரிவித்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, தினமும் நூறு தடவை அமுக்க ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தைக் கொடுத்து அனுப்பினாள்.

வேலை போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மௌரீன் கூப்பிடுவதை நிறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரு பாட்டில்கூட அவர் முன்னால் வரவில்லை. இந்த வீட்டுக்குத் தான் இன்னும் தேவையா இல்லையா? அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மௌரீன் மீன் வாங்க சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் எல்லா மூடிகளையும் முறுக்கினார். இனி அவள் கூப்பிட்டே தீர வேண்டும்.

மதியம் மீன் குழம்பு வந்தது. புளி சரியாக இருந்தது. மறுநாள் காபியும் வந்தது. அழைப்பு மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறை வாசல்வரை போய் நின்றார். மௌரீன் பாத்திரம் தேய்க்கிற ஈர ரப்பர் கையுறையை மூடிமேல் போட்டாள். ஒரு திருகு. அவ்வளவுதான்.

"எத்தினி நாளா இது?"

"லீனா கைக்குழந்தையா இருந்தப்பலேர்ந்து. நீங்க வேலைக்குப் போயிட்டா பால் பவுடர் டப்பாவை யாரு தொறப்பா, பிஷப்பா?"

"அப்ப என்னை ஏன் கூப்ட்ட?"

"கூப்டலன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருப்பீங்க. அதுக்கு இது ஈஸி."

கோபமில்லாமல், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருக்கலாம். அந்த வசதியும் இல்லை. ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை மௌரீன் காபித்தூள் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்க."

அதே பழைய குரல். பாட்டிலை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை மூடிமேல் வைத்துத் திருகினார். சுற்றியது! அந்த ஐந்து கிலோ கைக்கு மூடி சுற்றியது. ஒரு கணம் முகமெல்லாம் வெளிச்சம். பிறகுதான் விரலில் அந்தக் கையுறையின் ஈரம் பட்டது. முன்கூட்டியே தளர்த்தி எடுத்து வந்திருக்கிறாள். மௌரீன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூடியை முறுக்காமல் மறுபடி பாட்டில்மேல் வைத்தார். பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"நீயே தொறந்துக்க, மௌரீன்."