கணக்கு ஒத்துப்போனதால் பழைய இரும்புக்குப் போகும் கருவி

இன்று மதியம் சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் கலா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், உங்க சிமுலேஷனும் நம்ம மெஷினும் அப்படியே ஒத்துப்போகுது லா. அதனால இனி மெஷின் வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. நாளைக்கு இரும்புக்கடை லோரி வருது."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேர்த்துவைத்த மின்சாரத்தை அந்தக் கருவி ஒரே வீச்சில் வாயுவுக்குள் பாய்ச்சும். வாயு பிளாஸ்மாவாகி, நெருக்குண்டு, நியூட்ரான்களை வெளியே தள்ளும். எத்தனை வரும் என்பதை நான் வீட்டுக் கணினியில் கணக்கிடுகிறேன். ஆனால் கருவியில் அளந்த மின்னோட்டத்தோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் என் கணக்குக்கு மதிப்பு.

"நாளைக்கு வேற வாயு போட்டா எதோட பொருத்துவீங்க?" என்றேன்.

"எல்லாம் கணக்குலயே வருதுன்னு எங்கள வாட்டினது நீங்கதானே?"

"வரும்னு சொன்னேன். கருவிய தூக்கிப் போடச் சொல்லல."

"மெஷின் வேணாம்னு எழுதின ரிப்போர்ட்ல உங்களுக்கு நன்றி போட்டிருக்கோம், அங்கிள்."

"என் பேர எடுத்துடும்மா."

கலா மெதுவாகச் சொன்னார்: "வேணும்னா மெஷின நீங்களே எடுத்துக்குங்க. மேல நான் பேசிக்கிறேன்."

எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறை நகர்ப் பக்கம் யாரிடமாவது கருவியை வைக்கக் காலி ஸ்டோர் இருந்தால் எழுதுங்கள். வாசலில் காரோ கருவியோ ஒன்றுதான் நிற்கும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். கார் வாங்க நினைப்பவர்களும் எழுதலாம்.