கல்லுகுட்டையின் இரண்டாவது மருத்துவச்சி

விருந்தாளி யார் வந்தாலும் சேஷகிரி தன் தாலுகாவை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். ஆரம்பப் பள்ளிகள் இத்தனை, தபாலாபீஸ் இத்தனை, மின்சாரம் வந்த ஊர்கள் இத்தனை, கால்நடை ஆஸ்பத்திரி ஒன்று, நூலகம் ஒன்று, மருத்துவச்சிகள் இருவர். கேட்பவர்களுக்கு உடனே பெட்டி படுக்கையோடு அங்கே குடியேறிவிடலாமா என்று தோன்றும்.

பெங்களூருக்குக் கிழக்கே, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் குலுங்கினால் வரும் தாலுகா அது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். சேஷகிரி அதன் பி.டி.ஓ., அதாவது அந்த ஊர்களை முன்னேற்றுவதற்கென்று சர்க்கார் அனுப்பிய அதிகாரி. அந்த மகானுபாவர் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. சாயங்காலம் ஆனதும் தாலுகாவின் ஒரே ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குத் திரும்பிவிடும். காலையில் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காப்பிப்பொடி வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் கிராம முன்னேற்றத்துக்குப் புறப்படும்.

அவர் ஒப்பித்ததில் பொய் அதிகமில்லை. நூலகம் இருந்தது, சாவி பஞ்சாயத்து சேர்மன் வீட்டில் இருந்தது. மின்சாரக் கம்பங்கள் ஊர் ஊராக நின்றன, கம்பி மட்டும் வரவில்லை. எருமைகள் அவற்றில் முதுகைச் சொறிந்துகொண்டதால் அவை முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. முழுப் பொய் ஒன்றே ஒன்றுதான். மருத்துவச்சி இருவர் அல்ல, ஒருத்தி.

அந்த ஒருத்தி எங்கள் ஜூடித் அக்கா. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பெரியப்பா ஆம்ப்ரோஸின் மூத்த மகள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் செத்துப்போனான். பிரசவம் பார்க்கப் படித்து, ஐம்பத்தேழில் அந்தத் தாலுகாவுக்கு வேலையாகிப் போனாள். கட்டை குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, யாருக்கும் பயப்படாத வாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு வந்துவிட்டு, எங்கள் வீட்டில் டீ குடித்தபடி தாலுகாவின் கதைகளைச் சொல்வாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

சிக்கமாவள்ளியில் அவளுக்கு ஓர் அறை. நாலு மைல் தள்ளி கல்லுகுட்டையில் இன்னோர் அறை கட்டி, இன்னொரு மருத்துவச்சிக்கு உத்தரவும் போட்டிருந்தார்கள். ஆள் வரவில்லை. வேலைக்கு ஆள் வரவில்லை என்று மேலே சொன்னால் தனக்குக் குறைச்சல் என்று நினைத்த சேஷகிரி, ருக்மிணி என்று ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவைத்தார். இரண்டு ஊர்ப் பிரசவங்களுக்கும் ஜூடித் அக்கா ஒருத்தியே நடந்தாள். நிஜமாக ஒருத்தியைப் போடுங்கள் என்று மாதாமாதம் ஆபீசுக்குப் போய்க் கத்துவாள். அடுத்த மாதம் என்பார் அவர். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஐம்பத்தெட்டில் வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி தாலுகாவைப் பார்க்க வந்தார். அன்றைக்குப் பார்த்து சிக்கமாவள்ளியில் எல்லம்மாவுக்கு வலி கண்டது. தலைச்சன் பிரசவம். அக்கா தொட்டுப் பார்த்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது. வெளியே ஓடி வந்தபோது சேஷகிரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"சார், ஜீப் வேணும். கேஸ் ரொம்ப மோசம்."

"இன்னிக்கா? நன்னா இருக்கு! துரை வரப்போறார், சிஸ்டர். மொதல்ல இங்கே நில்லுங்கோ. அவர் டிராவலர்ஸ் பங்களாவிலே டிபன் சாப்பிடறச்சே, ஏரிக்கரை வழியா உங்களைக் கல்லுகுட்டைக்குக் கூட்டிண்டு போயிடறேன். அங்கே நெத்தியிலே ஒரு பொட்டு, தலையிலே கொஞ்சம் பூ. கண்ணாடியைக் கழட்டிடுங்கோ. நீங்கதான் ருக்மிணி. அது முடிஞ்சா ஜீப் உங்களுது."

"மூஞ்சி ஒண்ணுதானே சார்? கண்டுபிடிச்சுட மாட்டாரா?"

சேஷகிரி சிரித்தாராம். அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மருத்துவச்சியின் வெள்ளைச் சேலைக்கு மேலே இருக்கிற முகத்தை எந்தத் துரை பார்த்திருக்கிறார்?

அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. சிக்கமாவள்ளியில் துரை காரைவிட்டு இறங்கவேயில்லை. ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஏரிக்கரை, பொட்டு, பூ. கண்ணாடி இல்லாமல் கல்லுகுட்டை அறை வாசலில், எதிரே வருவது காரா மாடா என்று தெரியாமல் நின்றாள். அங்கே துரை இறங்கினார். டிபன் முடிந்த நல்ல மனநிலையில், ஏதாவது குறை உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். குறை ஒன்றுமில்லை என்று சேஷகிரி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். ரிச்சர்ட்ஸ் டவுன் கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ்.

"எனக்கு ஒன்றுமில்லை ஐயா. சிக்கமாவள்ளியில் ஜூடித்திடம் ஒரு பெண் சாகக் கிடக்கிறாள். ஜீப்பைக் கொடுத்தால் நானும் போய் அவளுக்கு உதவுவேன்."

துரை உருகிப்போனார். ஒரு மருத்துவச்சிக்கு இன்னொருத்தி இப்படிப் பரிந்து பேசுவதை எங்குமே கண்டதில்லை என்றாராம். ஜீப் பறந்தது. எல்லம்மா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. துரையின் காரில் ஒண்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்த சேஷகிரிக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்ததாம்.

வேர்த்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் ருக்மிணிக்கு மெடல் வந்தது. சேவை உணர்வுக்காம். அவள் லீவில் இருக்கிறாள் என்று சொல்லி, சேஷகிரியே மேடையேறி அதை வாங்கிக்கொண்டார். ஆபத்தான கேஸை முன்கூட்டியே தெரிவிக்காமல் இருந்ததற்கு ஜூடித் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு மெமோ வந்தது. கல்லுகுட்டை அறைக் கதவுக்கு மேலே ருக்மிணியின் பெயரைப் பெரிதாக எழுதி ஒரு போர்டும் மாட்டினார்கள். பக்கத்திலேயே ஒரு கர்ப்பிணியின் படம், ஒரு சிவப்புச் சிலுவையின் படம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா! கீழே கதவுக்குப் பூட்டு.

அதற்குப் பிறகு அக்கா எத்தனை கத்தியும் பயனில்லை. மெடல் வாங்கிய ருக்மிணி இருக்கும்போது இன்னொருத்தி எதற்கு என்று மேலிடம் கேட்டது. நியாயமான கேள்விதான்.

உள்ளூர்க்காரர்கள் அந்தப் போர்டை நம்பவில்லை. அந்தப் புத்தி அவர்களுக்கு இருந்தது. அறுபத்திரண்டில் கல்லுகுட்டைப் பாறையில் கல்லுடைக்கக் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து புதிதாகச் சில குடும்பங்கள் வந்து, ஊருக்கு வெளியே குடிசை போட்டன. அதில் ஒருத்தி நாகம்மா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும் என்பதால் மகள் சந்திரம்மாவை அந்தக் குடிசைக்கே கூட்டிவந்திருந்தாள். நல்ல மழையில் வலி கண்டது. நாகம்மா ஊருக்குள் ஓடி வந்தாள். படத்தைப் பார்த்தாள். கதவைத் தட்டினாள். மருத்துவச்சி வேறு பிரசவத்துக்குப் போயிருப்பாள், இதோ வந்துவிடுவாள் என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழையில் தெருவில் ஒரு ஆளில்லை, விவரம் சொல்ல. இருட்டியதும் வெறுங்கையோடு திரும்பிப் போனாள். சந்திரம்மாவின் மூச்சு அடங்கியிருந்தது. குழந்தை வெளியே வரவேயில்லை.

தாலுகா கொதித்தது. விசாரணை வந்தது. சேஷகிரி அசரவில்லை. கடமை தவறிய மருத்துவச்சி ருக்மிணியை வேலையைவிட்டு நீக்கினார். பிறக்காதவளைச் சேர்த்தவர், பிறக்காதவளை நீக்கினார். நீதி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கலைந்துபோனார்கள். தூ.

நாகம்மா கலையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, கேட்டுக் கேட்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை.

"சிஸ்டரம்மா, உனக்குத்தான் தெரிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. அந்த ருக்மிணி வூடு எங்க இருக்குது?"

"எதுக்கும்மா?"

"அடிக்க மாட்டேன். வைய மாட்டேன். அவ்ளோ நேரம் தட்னேனே, ஏன் தெறக்கலன்னு ஒருவாட்டி கேக்கணும். அவ்ளோதான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். சேஷகிரியின் பித்தலாட்டத்தைப் புட்டுப் புட்டு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான்தாம்மா ருக்மிணி," என்றாள். "ஒரு நாள் பொட்டு வெச்சிக்கினு அந்த வாசல்ல நின்னேன். அதுக்கப்புறந்தான் அந்த போர்டு வந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப், எல்லம்மா, மெடல், எதையும் விடவில்லை. நாகம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நான் பயந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சிக்கமாவள்ளியிலதான இருந்த?" என்றாள் கடைசியில். "கூப்ட்டா வர்றவன்னு இப்பத்தான் சொல்றாங்க. நாலு மைல் எனக்கு ஒரு தூரமா? போர்டு இல்லாங்காட்டி நான் யாரையாவது கேட்டிருப்பேன். உன்கிட்டதான் ஓடியாந்திருப்பேன்."

அக்கா மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றிரவு நாகம்மாவை அங்கேயே தங்கவைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகவே போனார்கள். நாகம்மா பாறையிலிருந்து கடப்பாரை கொண்டுவந்தாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, அக்கா அந்தப் போர்டை நெம்பி எடுத்தாள். சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக அவளை ராய்ச்சூர்ப் பக்கம் மாற்றினார்கள். எத்தனையோ குற்றங்கள் நடந்த அந்தத் தாலுகாவில் உடனுக்குடன் தண்டனை கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.

அக்கா போன வாரமே இன்னொரு விருந்தாளி வந்தாராம். சேஷகிரி ஒரே மூச்சில் ஒப்பித்தார். நூலகம் ஒன்று, கால்நடை ஆஸ்பத்திரி ஒன்று, மருத்துவச்சிகள் இருவர். கல்லுகுட்டையில் ஒரு பெயின்டர் ஏணி போட்டு, புதுப் போர்டில் புதுப் பெயர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான்.